காற்றின் சத்தம் கேட்காத காணி

மதாமின் கதவை முதல் தடவை தட்டியபோது, திறந்தவரைப் பார்த்து நான் தமிழில் வணக்கம் சொல்லிவிட்டேன். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு நாலாம் மாடி. கறுத்த முகம், இடுப்பைத் தொடும் நரைத்த கூந்தல், பூப்போட்ட நீளச் சட்டை. வேறு யாரென்று நினைப்பது? அவர் சிரித்துக்கொண்டே பிரெஞ்சில் சொன்னார், இந்தத் தெருவில் எல்லாரும் தன்னோடு அப்படித்தான் தொடங்குகிறார்கள் என்று. கீழே மரக்கறிக் கடை வைத்திருப்பவர் நெடுநாளாக அவரை மலையகத்து ஆள் என்று நம்பியிருந்தாராம்.

அவர் ஹவாய்த் தீவுக்காரி. சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டு இளம் வயதில் பாரிஸ் வந்தவர். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் ஓய்வு பெறும்வரை வேலை செய்திருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயலிசிஸுக்குப் போய்வந்தார். மற்ற நேரங்களில், தினமும், அவரைக் குளிக்க வார்த்து, சமைத்து, மருந்து கொடுத்து, மாலைவரை கூட இருப்பது என் வேலை. புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து ரயிலில் வந்து கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடப்பேன்.

எங்கள் இருவருக்குமே பிரெஞ்சு பிற்பாடு ஒட்டிக்கொண்ட மொழி. உடைந்த பிரெஞ்சு பேசுகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் நன்றாகவே விளங்கிக்கொள்வார்கள். அவர் என்னை ‘சிஸ்’, அதாவது சகோதரி, என்று கூப்பிடுவார். நான் ‘மதாம்’, ‘நீங்கள்’ என்பதிலிருந்து கடைசிவரை மாறவில்லை. அவர் சொன்னவையெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் பதிந்திருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலே சொல்லிவிட வேண்டும். அவர் பேய் பிசாசு என்று பேசுகிற ஆள் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போவார், வானொலியில் குதிரைப் பந்தயம் கேட்பார், லிஃப்ட் பழுதானால் கட்டட நிர்வாகியைக் கூப்பிட்டு வாய்கூசாமல் திட்டுவார். என்னைப் பயமுறுத்த அவருக்கு ஒரு நாளும் எண்ணம் இருந்ததில்லை.

அவருக்குச் சேம்பங்கிழங்கு என்றால் உயிர். லா சப்பல் கடைகளில் அது எப்போதும் கிடைக்கும் என்பதற்காகவே இந்த இடத்தை விட்டுப் போகவில்லை என்பார். கிழங்கு கூடாது என்று வைத்தியர் தடுத்திருந்தார். இரண்டு தரம் தண்ணீர் மாற்றி அவித்து, கரண்டியளவு மட்டும் பசையாக மசித்துக் கொடுப்பேன். அதை விரலால் தொட்டுத் தொட்டு வெகுநேரம் உண்பார். ஒருநாள் நான் கிழங்கின் தோல் சீவிக்கொண்டிருந்தபோதுதான் காணிக் கதை வந்தது.

“ஊரிலை உனக்குக் காணி இருக்கோ, சிஸ்?”

“இருக்கு மதாம். ஆமி பிடிச்சு வைச்சிருந்தது. இப்பதான் விட்டிருக்கிறாங்கள்.”

“கன காலமோ?”

“பள்ளிக்கூடச் சட்டையோடை ஓடினனான். இப்ப என்ரை தலை நரைச்சிட்டுது.”

அவர் தலையாட்டினார். “எங்கடை காணியிலையும் கொஞ்சம் ஆமியிட்டைத்தான் கிடக்கு. குண்டு போட்டுப் பழகுறதுக்கு.”

பிறகு சொன்னார். அவர்களுக்கு ஒரு ராணி இருந்தார். வெளியிலிருந்து வந்த தோட்ட முதலாளிமார் ராணியைக் கவிழ்த்தார்கள். கொஞ்சக் காலத்தில் தீவுகளும் அரச காணிகளும் அமெரிக்காவின் கைக்குப் போயின. அந்தக் காணியில் ஒரு பகுதியை, பாதிக்குக் குறையாத ஹவாய் இரத்தம் உள்ளவர்கள் குடியிருப்பதற்கென்று சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். பின்னர் ஹவாய் ஒரு மாநிலமானபோது, அரச காணிகளைப் பொதுசனத்துக்காகவும் அந்த மண்ணின் பூர்வீகக்காரருடைய நன்மைக்காகவும் பொறுப்பாக வைத்திருப்பேன் என்று மாநில அரசு ஏற்றுக்கொண்டது. எங்கள் நாட்டுக் கடதாசிகளில் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்று எழுதியிருப்பார்களே, அதே சொல்தான்.

“அப்ப நல்லதுதானே மதாம்?”

“நல்லதுதான். பேரைப் பதிஞ்சிட்டு இருக்கவேணும், கூப்பிடுவினம். அவை ஆறுதலா, மெல்ல மெல்லக் கூப்பிடினம், நாங்கள் கெதியாச் செத்துப் போறம்.”

இருபத்து மூன்று வயதில் பெயர் பதிந்தவர் அவர். அந்தப் பெயர் வரும்போது திரும்பிப் போவதென்றுதான் பாரிஸுக்கே வந்திருக்கிறார். சுவரில் ஒரு படம் மாட்டாமல், ஒரு அலுமாரி வாங்காமல், போகப்போகிற ஆளாகவே ஒரு ஆயுட்காலம் இருந்திருக்கிறார். அவருடைய பெறாமகள், அதாவது தங்கையின் மகள், ஹவாயில் ஒரு வீட்டின் கராஜை வாடகைக்கு எடுத்துக் கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் இருந்தாள். வாடகை கொடுக்க முடியாமல் தீவையே விட்டுப் போகிற நிலை. அவளில் ஓடுகிற ஹவாய் இரத்தம் சட்டத்துக்குப் போதாது, அவள் பெயரில் காணி கேட்க முடியாது. மதாமின் பெயரில் கிடைத்தால், மதாம் உயிரோடு இருக்கும்வரை எல்லாரும் ஒன்றாக இருக்கலாம்.

பெயர் வந்தது. கிறிஸ்மஸுக்கு முந்திய மாதம். நான் கதவைத் திறந்தபோது அவர் சோபாவிலிருந்து எழுந்து நின்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். காணி வழங்கும் அரச கந்தோர் கூப்பிட்டிருந்தது. தீவின் வறண்ட பக்கத்தில், மலைச்சரிவில், வெறும் காணித் துண்டுகள். பெறாமகள் போய்ப் பார்த்துத் தெரிவு செய்யலாம், பிறகு மதாம் நேரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். இடையில் தங்கி டயலிசிஸ் செய்துகொண்டு போகலாம் என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் கீழே கடையில் லட்டு வாங்கி வந்தேன். அவர் பாதியை எனக்குத் தெரியாமல் தின்றார்.

பெறாமகள் காணி பார்க்கப் போன நாளில் எங்களுக்கு மாலை, அங்கே விடிகாலை. வெளியே இருண்டுவிட்டது. சமையலறை மேசையில் போனை ஒரு சட்டியில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் முன்னால் இருந்தோம். திரையில் செம்மண். யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்து மண்ணின் அதே சிவப்பு. முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், அங்கங்கே முள்மரங்கள், தூரத்தில் கடல். காற்று அடித்த அடியில் போன் இரைந்தது. அவள் அதற்கு மேலால் கத்திக் கத்திப் பேசினாள். எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும், ஆனால் அவள் குரலில் இருந்த சந்தோஷம் முழுதாக விளங்கியது. இதிலே வாசல் வைக்கலாம் ஆன்ட்டி, இந்தப் பக்கம் பிள்ளைகளின் அறை.

அவள் சரிவின் மேல்பக்கம் நடந்தாள். சட்டென்று சத்தம் நின்றது.

போன் துண்டித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்தது. புல் நிலத்தோடு படுத்துப் படுத்து எழும்பியது. அவள் தலைமயிர் முகத்தில் அடித்தது. வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நான் எட்டி ஒலியைக் கூட்டினேன். அந்த நேரம் எங்கள் ஜன்னலுக்கு எதிரே, மேம்பாலத்தில் மெத்ரோ போனது. வெளிச்சப் பெட்டிகள் வரிசையாகப் போவதைக் கண்டேன். மேசையில் இருந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அந்த ரயிலின் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

அவள் இரண்டு அடி நடக்க, காற்று ‘ஹோ’ என்று திரும்பி வந்தது. வெளியே ரயிலின் கடைசிப் பெட்டி இரைந்துகொண்டு போனது.

நான் மதாமைப் பார்த்தேன். அவருடைய கறுத்த முகம் வெளிறிப்போயிருந்தது.

“திரும்பிப் போ,” என்றார் போனைப் பார்த்து. அவள் திரும்பிப் போனாள். மறுபடி சத்தம் நின்றது. அடுத்த துண்டுக்குப் போகும்படி மதாம் திரையைப் பார்த்துக் கைகாட்டினார். அடுத்த துண்டு, அதற்கடுத்தது. காற்றில் அவள் சட்டை படபடத்தது, கல்லில் கால் தடுக்கி விழப்போனாள், ஏதோ கேட்டாள். எங்கள் சமையலறையில் ஒரு ஓசையும் இல்லை. நான் என் கையை மேசையில் தட்டிப் பார்க்க நினைத்தேன். தட்டவில்லை, அதுவும் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். சரிவின் ஓரத்தில் ஒரு நீரோடைப் பள்ளம் இருந்தது. அதைத் தாண்டியபோதுதான் அவள் குரல் வந்தது.

“ஆன்ட்டி? கேக்குதா? எது பிடிச்சிருக்கு?”

“ஒண்டும் வேண்டாம்,” என்றார் மதாம். “வீட்டை போ மகள். அதிலை நிக்காதை.”

பிறகு நடந்த சண்டையை நான் பாத்திரம் கழுவுகிற சாட்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டேன். அவள் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் ஏசினாள். மீதியிருந்த காணித் துண்டுகள் எல்லாம் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், அந்தச் சரிவில் மட்டும்தான். வேண்டாம் என்றால் பெயர் பட்டியலில் இருக்கும், அடுத்த முறை எப்போது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். போனை அணைத்த பிறகு மதாம் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். தகப்பனுக்கும் ஒரு முறை காணி கிடைத்ததாம். அத்திவாரம் கிண்டும்போது எலும்புகள் வந்தன, பழைய காலத்து மனிதருடையவை. அவர் மண்ணைத் திருப்பி மூடி, கல் அடுக்கி, காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி பெயர் பதிந்தார். பட்டியலில் இருந்தபடியே செத்தார்.

“எங்கடை பாஷையிலை சொந்த மண்ணுக்கு ஒரு சொல்லு இருக்கு,” என்றார். “அதுக்குள்ளை எலும்பு எண்ட சொல்லும் இருக்கு. எங்கடை சனத்தின்ரை எலும்பு கிடக்கிறதாலைதான் அது எங்கடை மண். அதுக்கு மேலை நான் குசினி கட்டிச் சமைக்கேலாது.”

“ஆனா மதாம், அங்கை எலும்பு இருக்கெண்டு எப்பிடித் தெரியும்? கந்தோர்க்காரர் பாத்துத்தானே குடுப்பினம்?”

“ரயில் போனது உனக்கும் கேக்கேல்லைத்தானே,” என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கராஜில் மூன்று பிள்ளைகள் படுக்கிறார்கள். ஒரு போனின் மைக் பழுதுக்காக வீட்டை வேண்டாம் என்பதா? கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது என் சப்பாத்துச் சத்தத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் அது கேட்டது. கீழே தெருவில் கொத்துரொட்டி கொத்துகிற தகரச் சத்தம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சில கிழமைகள் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. பெறாமகள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். மதாம் குதிரைப் பந்தயம் கேட்பதையும் நிறுத்தினார். வானொலி திறந்திருந்தால், அது கேட்கிறதா என்று நாங்கள் இருவரும் காது கொடுத்தபடியே இருந்துவிடுவோம். அது அவருக்கும் பிடிக்கவில்லை போலும்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து என் தம்பி எனக்கு வீடியோ அனுப்பினான்.

எங்கள் காணி விடுபட்ட பிறகு அவன் யாழ்ப்பாண நகரிலிருந்து போய்த் துப்புரவாக்கினான். பழைய வீடு இருந்த அடையாளமே இல்லை, கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. நானும் கொஞ்சம் உதவி செய்து, அதில் அவன் சின்னதாக வீடு கட்டத் தொடங்கியிருந்தான். வேலை எந்த அளவில் நிற்கிறது என்று காட்டத்தான் அந்த வீடியோ. வேலை முடிந்து போகும்போது ரயிலில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தேன். காகங்கள், சீமெந்து குழைக்கிற சத்தம், மேசன் யாரையோ ஏசுவது, தம்பியின் குரல். இது முன் அறை அக்கா, இது சாமி அறை. அவன் வடக்கு மூலைக்கு நடந்தான். காதுக்குள் அமைதி.

சென் தெனி நிலையத்தில் ரயில் நின்றது. கதவு திறந்தது, சனம் ஏறியது. ஒரு பெண் என்னிடம் ஏதோ கேட்டாள், பக்கத்து ஆசனத்தைக் காட்டினாள். அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் தம்பி அந்த மூலையை விட்டு விலகியதும் எல்லாச் சத்தமும் ஒரேயடியாகக் காதில் அடித்தது. அவள் பயந்துபோய் வேறு இடத்தில் போய் இருந்துவிட்டாள்.

மதாமிடம் காட்டுவதா விடுவதா என்று அடுத்த நாள் பின்னேரம்வரை யோசித்தேன். பிறகு, வீடு கட்டுகிறோம் பாருங்கள் என்று மட்டும் சொல்லி, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆசையாகப் பார்த்தார். செம்மண்ணைக் கண்டதும் சிரித்தார். வடக்கு மூலை வந்தபோது தெருச் சத்தம் நின்றது, அவர் சிரிப்பும் நின்றது. முடியும்வரை பார்த்தார். போனைத் திருப்பித் தந்தார்.

“ஆர் பின்னுக்கு நிண்டது, சிஸ்?”

“விளங்கேல்லை மதாம்.”

“நீங்கள் எல்லாரும் ஓடேக்கை, ஆரோ ஓடேல்லை. ஆர் அது?”

நான் அவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. என் பிள்ளைகளுக்கே சொன்னதில்லை. எங்கள் வடக்கு வேலிக்கு அங்கால் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை தனியாக இருந்தார். எங்களுக்குச் சின்னம்மா. ஷெல் விழத் தொடங்கி ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது, அவருடைய கண்டுத்தாச்சி மாடு அன்றைக்கோ மறுநாளோ ஈனுகிற நிலையில் நின்றது. “நீங்கள் போங்கோ, மாடு கண்டு போட்டதும் அதையும் கொண்டு வாறன்,” என்று வேலிக்கு மேலால் சொன்னார். கையில் வைக்கோல் பிடித்தபடி நின்றார். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை. அம்மா விசாரிக்காத இடமில்லை. செத்தார் என்று சொல்ல ஆளில்லாததால் செத்தவீடும் செய்யவில்லை. திவசமும் இல்லை. வருஷங்கள் போக, எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசுவதே நின்றுபோயிற்று.

இதையெல்லாம் மதாமிடம் சொல்லி முடித்தேன். அவர் என் முதுகைத் தடவினார்.

“அந்த மூலையிலை ஒண்டும் கிண்ட வேண்டாமெண்டு தம்பியிட்டைச் சொல்லு.”

அன்றைக்கே ரயில் நிலையத்தில் நின்று தம்பியைக் கூப்பிட்டேன். அவன் சிரித்தான்.

“என்னக்கா, அங்கைதான் மலசலகூடக் குழி வெட்டச் சொல்லிப்போட்டன். நாளைக்கு ஆள் வருது. பாரிசிலை இருந்துகொண்டு சாத்திரம் பாக்கிறியோ?”

“ஒருக்கால் சொல்வழி கேள். வேறை பக்கம் வெட்டு.”

“வேறை பக்கம் கிணத்துக்குக் கிட்ட வந்திடும். நீ ஒண்டுக்கும் யோசியாதை, வை போனை.”

மறுநாள் நான் மதாமின் வீட்டில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். குரல் வேறாக இருந்தது.

“அக்கா, வேலையை நிப்பாட்டிப்போட்டன்.”

“ஏன், என்ன நடந்தது?”

“அலவாங்கு போட்டவன் ரெண்டு குத்துக் குத்திப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தான். நான் பக்கத்திலைதான் நிண்டன். அலவாங்கு மண்ணுக்கை இறங்குறதைக் கண்ணாலை காணுறன், சத்தம் கேக்கேல்லை. கல்லிலை பட்டு நெருப்புப் பொறி பறந்தது. அதுக்கும் சத்தம் இல்லை. அவன் அலவாங்கை அப்பிடியே போட்டிட்டுப் போயிட்டான். கூலியும் வாங்கேல்லை.” குரலைத் தாழ்த்தினான். “அக்கா, உனக்கு ஆர் சொன்னது?”

நான் மதாமைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டி, அடுப்பைக் காட்டினார். தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

தம்பி குழியை வேறிடத்தில் வெட்டினான். மூலையை அப்படியே விட்டான். பொலிசுக்குச் சொல்லலாமா என்று நான் கேட்டபோது, “சொன்னால் திரும்பவும் காணியைப் பூட்டுவாங்கள் அக்கா,” என்றான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆகவே இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

மதாம் வசந்தம் தொடங்கியபோது ஆஸ்பத்திரியில் படுத்தார், திரும்பி வரவில்லை. கடைசி நாட்களில் ஒரு பின்னேரம், அவர் தெளிவாக இருந்த நேரம் பார்த்து, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“உங்களுக்கு எப்பிடி மதாம் தெரியவந்தது?”

“எனக்கு ஒண்டும் தெரியாது, சிஸ். சத்தம் கேக்கேல்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.” அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். “எனக்கு அந்த வீடு வேணும் எண்டு எவ்வளவு ஆசை தெரியுமோ. அந்தப் பெட்டை இனி என்னோடை கதைக்கமாட்டாள்.”

ஆனால் பெறாமகள் வந்தாள். அஸ்தியை எடுத்துப்போகவும் வீட்டைச் சாமான் எடுத்து ஒழிக்கவும் வந்தாள். நாற்பது வயதிருக்கும், அதே கூந்தல், அதே உரத்த குரல். ஒழிக்க அதிகம் இருக்கவில்லை. நான் அவளைக் கீழே எங்கள் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் இடியப்பமும் சொதியும் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதியில் கையை நிறுத்திவிட்டு, “எங்களுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கும், ஒரு கிழவியின் பயத்தால் போனது,” என்று மெதுவான ஆங்கிலத்தில் எனக்கு விளங்கும்படி சொன்னாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினேன். என் போன் நம்பரைக் கேட்டு வாங்கினாள், ஏன் என்று தெரியவில்லை.

ஆடி மாதம், நான் ஊருக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். அந்தச் சரிவில் தெரு போட மண் வெட்டும் இயந்திரம் இறக்கியிருக்கிறார்கள். மேல்பக்கத்தில் எலும்புகள். ஒன்றிரண்டு இல்லை, நீரோடைப் பள்ளம்வரை. வேலை நிறுத்தப்பட்டிருக்கிறது. காணி எடுத்த குடும்பங்களெல்லாம் கந்தோர் வாசலில் நிற்கிறார்கள், மறுபடி காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“இயந்திரக்காரன் செய்தியில் சொன்னான்,” என்றாள். “எஞ்சின் நின்றுவிட்டதென்று நினைத்துத்தான் இறங்கிப் பார்த்தானாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம்.” அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். “ஆன்ட்டி என்மேல் கோபமாக இருந்தாரா?”

“இல்லை,” என்றேன். “அவருக்கும் அந்த வீடு வேண்டும் என்றுதான் இருந்தது.”

ஊருக்குப் போய் இறங்கிய மறுநாள் மத்தியானம், தம்பி உண்டுவிட்டுச் சுவர்களுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்திருந்தான். நான் வடக்கு மூலைக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. பனையோலைகள் காற்றில் ஆடின. வேலி இருந்த இடத்தை நெருங்கியதும் காகங்கள் நின்றன, ஓலைகள் நின்றன, என் மூச்சும் எனக்குக் கேட்கவில்லை. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு காலமும் வராமல் இருந்துவிட்டு வந்தவளின் வெட்கம்.

“சின்னம்மா,” என்று கூப்பிட்டேன். தொண்டை அதிர்ந்தது, ஒலி இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

தம்பி ஓடி வந்தான். என் கையைப் பிடித்து இழுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தான்.

“ஏனக்கா இப்பிடிக் கத்துறாய்? ரோட்டிலை போறவையெல்லாம் நிண்டு பாக்கினம்.”

அவனுக்கு என் குரல் கேட்டிருக்கிறது. தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கிறது. நான் கிணற்றுக் கட்டில் இருந்து, சத்தம் திரும்பி வரவிட்டு, அவனிடம் மதாமின் கதையை முதலிலிருந்து சொன்னேன். தகப்பன் திருப்பிக் கொடுத்த காணி, மகள் வேண்டாம் என்ற காணி, இயந்திரம் நின்ற சரிவு, எல்லாம்.

“சொன்னால் பூட்டுவாங்கள்,” என்றான் மறுபடியும்.

“ஓம். பூட்டட்டும். அவவை எங்கை தேடுறதெண்டு கேட்டு அம்மா ஏறாத கந்தோர் இல்லை. இப்ப எங்களுக்கு இடம் தெரியும், நாங்கள் மறைச்சால் என்ன மனிசர்?”

அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து சேர்ட்டைப் போட்டான். அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போனோம். காணாமல் போன உறவினர் என்று முறைப்பாடு எழுதினோம். சத்தம் கேட்காததைப் பற்றி எழுதவில்லை. குழி வெட்டத் தொடங்கியபோது மண் பழைய குழிபோல இளகியிருந்தது என்று தம்பி சொன்னான், அதை எழுதினார்கள். நான் பாரிஸ் திரும்பும் முன்னரே நீதிமன்றத்திலிருந்து வந்து பார்த்தார்கள். தம்பி பயந்ததில் பாதி நடந்தது. மூலையையும் சின்னம்மாவின் வளவையும் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். வீடு இருக்கும் பகுதியை விட்டுவிட்டார்கள். எப்போது கிண்டுவார்கள் என்று கேட்டால், நிபுணர்கள் வரவேண்டும், தவணை போடுவார்கள் என்கிறார்கள்.

இப்போது எனக்குச் சென் தெனியில் வேறொரு நோயாளி. வேலை முடித்து வரும் வழியில் தம்பி கூப்பிடுவான். போன கிழமை சொன்னான், மூலைக்குக் காவல் போட்டிருக்கிற சிங்களப் பொலிஸ்காரப் பொடியன் கதிரையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்துவிட்டானாம்.

“ஏன் எண்டு கேட்டன். ‘அண்ணை, அங்க எனக்கு வோக்கிடோக்கி கேக்கிறது இல்லை’ எண்டான். உள்ளுக்கை வந்து இரு எண்டு கூப்பிட்டு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்.”